கடை மேல் தெருவுக்குப் பாத்தியதை உண்டா?

வியாபாரப் பெருமக்கள் நாலு பேர் கூடினால், தேநீர் வருவதற்கு முன்பே வந்துவிடுகிற பேச்சு ஒன்றுண்டு. "ஜனங்களுக்கு நன்றி கிடையாது" என்பதே அது. மூன்று தலைமுறையாக அரிசி பருப்பு கொடுத்தோம். மழைக்காலத்தில் கடன் எழுதினோம். அவர்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கு முதல் ஆளாய்ப் போய் நின்றோம். பிள்ளை சம்பாதித்துக் கார் வாங்கியதும் பெருங்கடைக்குப் போய்விட்டார்கள் என்று ஒருவர் ஆரம்பிப்பார். மற்றவர்கள் தலையசைப்பார்கள்.

இனி, கடை மூடிய தெருவிலே போய் நின்று பாருங்கள். அங்கே கேட்பது வேறு. "எங்க கடையை இப்படி மூடிட்டுப் போயிட்டாரே அந்தக் காக்கா" என்பார்கள். வாடகை கட்டியது அவர்களல்ல. லைசென்ஸ் எடுத்ததும் அவர்களல்ல. ஆனாலும் "எங்க கடை".

ஆக, இரு தரப்பும் பாத்தியதை பேசுகிறது. ஜனங்கள் நமக்குக் கடமைப்பட்டவர்கள் என்கிறோம் நாம். கடை எங்களுக்குக் கடமைப்பட்டது என்கிறார்கள் அவர்கள். உண்மையில் யார் மேல் யாருக்கு ஹக்கு இருக்கிறது? நாம் ஆலிமுமல்ல, சட்டம் படித்தவருமல்ல. ஆரம்பப் பள்ளியும் மதரஸாவும் முடித்துக் கல்லாப்பெட்டிக்கு முன் உட்கார்ந்தவர். என்றாலும் தராசு பிடித்துப் பழகிய கையால் இதையும் நிறுத்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

முதலில் நம் மலாக்கா டவுனைப் பார்ப்போம். கம்போங் கிளிங் பள்ளிவாசல் 1748இல் எழுந்தது. அது நிற்கும் ஜாலான் துக்காங் எமாஸிலேயே பொய்யாத விநாயகர் கோயிலும் இருக்கிறது. சற்றுத் தள்ளிச் சீனர்களின் செங் ஹூன் தெங் கோயில். இத்தனை பேர் தொழுது, கும்பிட்டு, குடியிருந்த வட்டாரத்தில் அரிசிக்கும் எண்ணெய்க்கும் மசாலைக்கும் கடைகள் இருந்தது அதிசயமல்ல. அந்தக் கடைகளும் அவற்றின் மேல்மாடிக் குடும்பங்களும் நெடுங்காலம் தாக்குப்பிடித்ததற்கு ஒரு முக்கியக் காரணம் வாடகைக் கட்டுப்பாடு. 1966ஆம் ஆண்டுச் சட்டம், 1948க்கு முன் கட்டிய கட்டிடங்களின் வாடகையை உயரவிடாமல் பிடித்து வைத்திருந்தது. 1997இல் அதை ரத்துச் செய்யச் சட்டம் வந்தது. அதில் கொடுத்த அவகாசம் 1999 டிசம்பர் 31ஆம் தேதியோடு தீர்ந்தது. 2000ஆம் ஆண்டு பிறந்தபோது, வீட்டுக்காரர் சொல்வதுதான் வாடகை என்றாயிற்று. அதே ஆண்டில் ஜோங்கர் தெருவின் வார இறுதிச் சந்தையும் தொடங்கிற்று. 2008 ஜூலை 7ஆம் தேதி மலாக்காவும் ஜார்ஜ் டவுனும் சேர்ந்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின.

இதன் பிறகு பல கடைகள் மாறிப்போனதை நாம் எல்லாரும் பார்த்தோம். வெங்காய மூட்டை நின்ற இடத்தில் சாவிக்கொத்தும் படம் போட்ட சட்டையும் தொங்குகின்றன. சாமான் கட்டிக்கொடுத்த மேசையில் காப்பி விற்கிறார்கள். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். அங்கே பெரும்பாலும் முதலில் போனது கடையல்ல. முதலில் போனவர்கள் குடியிருந்தவர்கள். வாடகை உயர்ந்ததும் மேல்மாடிக் குடும்பங்கள் சாமான் சட்டியைக் கட்டிக்கொண்டு புறநகர்த் தாமான்களுக்குப் போனார்கள். சமையல் இல்லாத தெருவில் வெங்காயத்தை யார் வாங்குவது? சுற்றுலா வந்தவர் அரைக்கிலோ துவரம்பருப்பு வாங்கிக்கொண்டு ஓட்டலுக்குப் போவாரா?

2005இல் வந்த பாரம்பரியச் சட்டம் பழைய முகப்பையும் கூரையையும் சன்னலையும் காப்பாற்றுகிறது. நல்ல காரியந்தான். ஆனால் சுவருக்கு இருக்கிற பாதுகாப்பு, அந்தச் சுவருக்குள்ளே விற்ற அரிசிக்கு இல்லை. மிச்சமிருக்கிற ஒன்றிரண்டு கிழவர் கிழவிகள் கறிவேப்பிலை வாங்க வாடகைக் காரைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. இந்தக் கிழவர் கிழவிகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இவர்களிடம் திரும்பி வருவோம்.

தோட்டப்புறத்தின் கதை வேறு. அதை நாம் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் நன்றி, துரோகம் என்கிற வார்த்தைகள் அதிகம் புழங்குவது அங்கேதான்.

1896ஐ ஒட்டி நம் மாநிலத்துப் புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் ரப்பர் நட்டார். அதன் பின்னே தோட்டம் வந்தது, தோட்டத்தின் பின்னே லயம் வந்தது, லயத்தின் பின்னே கடை வந்தது. ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் சீனர் கடையும் நம்மவர் கடையும் தோட்டத்து வாசலிலோ பக்கத்துக் கம்பத்திலோ இருந்தன. மழை பெய்து மரப்பட்டை நனைந்தால் பால்வெட்டு கிடையாது. வெட்டு இல்லாத நாளுக்கு அந்நாளில் சம்பளமும் கிடையாது. வயிற்றுக்கு மட்டும் மழை வெயில் தெரியாது. அந்த இடைவெளியை அடைத்தது கடைக்காரரின் 555 புத்தகம். அட்டையில் 555 என்று அச்சிட்ட, சட்டைப்பையில் அடங்கும் நோட்டு. மலாய்க்காரர்கள் 'புக்கு தீகா லீமா' என்பார்கள். சம்பள நாளன்று அதைப் புரட்டிக் கணக்குத் தீர்ப்பார்கள். மறுநாளே புதிய கணக்கு தொடங்கும்.

இதை நினைத்தால் நமக்கு நெஞ்சு நிமிர்கிறது, நிமிரட்டும், தவறில்லை. ஆனால் அந்தப் புத்தகத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் ஒரு விதி இருக்கிறது: தொழிலாளி தன் சம்பளத்தை எந்த இடத்தில், யாரிடம் செலவழிக்க வேண்டும் என்று முதலாளி நிபந்தனை போட்டால் அது செல்லாது. பிரிட்டனிலே 1831இல் வந்த சட்டமும் இந்த நோக்கத்ததுதான். அங்கே ஆலைக்காரர்கள் சம்பளத்தைச் சாமானாகக் கொடுத்து, தங்கள் கடையிலேயே வாங்க வைத்துக்கொண்டிருந்தார்கள். ஏன் இப்படிச் சட்டம் போட வேண்டி வந்தது? உழைத்தவன் கையில் காசு வந்தாலும், அதை இங்கேதான் கொடுக்க வேண்டும் என்றால் அவன் பாதி அடிமை. சட்டம் முதலாளியைத்தான் கட்டிற்று. கடனும் தூரமும் கட்டிய கட்டை எந்தச் சட்டம் அவிழ்க்கும்? டவுனுக்குப் பஸ் ஒரு நாளைக்கு இரண்டு தடவை, புத்தகத்திலோ பாக்கி. அவர்கள் நம்மிடம் வாங்கியதெல்லாம் அன்பினால் மட்டுமே என்று சொன்னால், கேட்கிற தோட்டத்துப் பெரியவர் சிரிப்பார்.

ரப்பர் போய் எண்ணெய்ப்பனை வந்தது. பல தோட்டங்கள் கைமாறி, துண்டாகி, வீட்டுமனையாயின. லயத்துக் குடும்பங்கள் டூரியான் துங்கல், ஆயர் கெரோ என்று தாமான் வீடுகளுக்கு வந்தன. நம்மவர் சிலரும் அவர்கள் பின்னாலேயே வந்து தாமான் முனையில் கடை போட்டார்கள். அங்கேதான் பெருங்கடை வந்து நின்றது.

லயத்திலிருந்து வந்த ஓர் அம்மாவிடம் நாம் கேட்டோம்: "ஏம்மா, எண்ணெய்க்கும் அரிசிக்கும் அவ்வளவு தூரம் போறீங்களே, இங்க என்ன குறை?" அந்த அம்மா தயங்கித்தான் சொன்னார்: "குறை ஒண்ணுமில்ல காக்கா. அங்க போனா, இன்னைக்கு ஏன் அரைக்கிலோதான்னு யாரும் கேக்கறதில்ல. கிராணி பொண்டாட்டிக்கும் எனக்கும் ஒரே சீட்டு, ஒரே வெல."

இந்தப் பதிலை வியாபாரிகள் நன்றாக யோசிக்க வேண்டும். வாடிக்கையாளரை நாம் அறிந்திருக்கிறோம் என்பதே நம் பெருமை. யார் வீட்டில் விருந்து, யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை, யார் சம்பளம் கள்ளுக்கடைக்குப் போகிறது என்று நமக்குத் தெரியும். அறியப்படுகிறவருக்கோ அது எப்போதும் சுகமாக இருப்பதில்லை. 1916இல் அமெரிக்காவில் மெம்ஃபிஸ் நகரத்தில் பிக்லி விக்லி என்ற கடை, வாங்குகிறவர் தாமே தட்டிலிருந்து சாமானை எடுத்துக்கொள்ளும் முறையைக் கொண்டுவந்தது. மலிவுதான் அதற்குக் காரணம் என்று எழுதுகிறார்கள். மலிவோடு இன்னொன்றும் அங்கே கிடைத்திருக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது: ஒருவரிடமும் வாய் திறந்து கேட்காமல் வாங்குகிற நிம்மதி.

நன்றியின்மை என்று நாம் சொல்வதில் பாதி வெட்கம் என்பதும் நம் அனுபவம். அலோர் காஜா பக்கத்தில் நமக்குத் தெரிந்த ஒருவர், வயதாகி, பிள்ளைகள் வேறு உத்தியோகம் பார்க்க, கடையை இன்னொருவரிடம் ஒப்படைத்தார். புறப்படுமுன் 555 புத்தகங்களை எடுத்து வைத்துப் பார்த்தார். பத்து, இருபது வெள்ளி பாக்கி உள்ளவர்கள் செய்தி கேட்ட வாரத்திலேயே வந்து தீர்த்தார்கள். நானூறு, ஐந்நூறு பாக்கி உள்ளவர்கள் அதற்கு முன்பே மாதக்கணக்கில் கடைப்பக்கம் வருவதை நிறுத்தியிருந்தார்கள். அவர்களைத்தான் அவர் பெருங்கடைக்கு ஓடிப்போனவர்கள் என்று ஏசிக்கொண்டிருந்தார். அவர்கள் விலைக்கு ஓடவில்லை. அவர் முகத்துக்கு ஓடினார்கள். கடன் வைத்தவன் கடையைச் சுற்றிக்கொண்டு போவான் என்பது எந்த வியாபாரிக்குத் தெரியாது?

இங்கே மதரஸாவில் ஓதிய ஒன்று ஞாபகம் வருகிறது. கடன் கொடுத்தவர் அந்தக் கடனைக் காட்டித் தனக்கு லாபம் தேடினால் அதில் வட்டியின் வாடை வந்துவிடுகிறது. சாமானைத் தவணைக்குக் கொடுப்பது விற்பனைதான், கைக்கடன் அல்ல என்று ஆலிம்கள் பிரித்துச் சொல்வார்கள், அதுவும் சரியே. இருந்தாலும், "அன்று கடன் கொடுத்தேன், ஆகையால் என்றைக்கும் என்னிடமே வாங்கு" என்று கேட்டால், நாம் கேட்பது என்ன? அசல் வந்து சேர்ந்த பின்னும் அவர் கால் நடக்கிற திசையை அடகாகக் கேட்கிறோம். குர்ஆனிலே மிக நீண்ட ஆயத்து கடனை எழுதிவைப்பதைப் பற்றியது. அதற்குச் சற்று முன்னால், நெருக்கடியில் இருப்பவருக்கு அவகாசம் கொடுக்கச் சொல்லியிருக்கிறது. எழுதினோம், அவகாசமும் கொடுத்தோம். கணக்கு அதோடு தீர்ந்தது. ஆகவே ஜனங்கள் மேல் நமக்கு ஹக்கு இருக்கிறது என்ற வாதம் நிற்கவில்லை.

தெருவின் வாதம் நிற்கிறதா? அதற்கும் ஒரு பாடம் உண்டு, "ஷுஃப்ஆ" என்று. மத்தியானத் தூக்கத்தில் பிள்ளைகள் பாதிப் பேர் தலை சாய்ந்திருக்க உஸ்தாது நடத்திய பாடம். ஒருவர் தம் வீட்டையோ நிலத்தையோ வெளியாளுக்கு விற்கும்போது, அதை முந்தி வாங்கிக்கொள்ளும் உரிமைக்கு அந்தப் பெயர். ஷாஃபிஈ மத்ஹபில் அது சொத்தில் பங்காளியாக இருப்பவருக்கு மட்டும். ஹனஃபி மத்ஹபில் அண்டை வீட்டாருக்கும் உண்டு. யார் பக்கத்தில் வந்து குடியேறுகிறார் என்பதில் அண்டை வீட்டுக்காரருக்கும் ஒரு வாக்கு இருக்கிறது என்ற எண்ணமே நமக்குப் பெரிதாகப் படுகிறது. ஆனால் அந்த உரிமைக்கு இரண்டு நிபந்தனைகள்: விற்பனைச் செய்தி காதில் விழுந்ததும் தாமதிக்காமல் கோர வேண்டும், வெளியாள் கொடுத்த அதே விலையைக் கொடுக்க வேண்டும். விலை கொடுக்காமல் வருத்தம் மட்டும் தெரிவிப்பவருக்கு ஷுஃப்ஆ கிடையாது.

இது நிலத்துக்குச் சொன்ன சட்டம், மளிகைக்கு அல்ல. ஆயினும் அதன் நியாயத்தை இங்கே வைத்துப் பாருங்கள். கடை மூடிய பிறகு "எங்க கடை" என்று அழுவது, செய்தி கேட்டுப் பத்து வருஷம் கழித்துக் கோருவதற்குச் சமம். கடை மூடுவது ஷட்டரை இழுத்த நாளில் நடப்பதல்ல. அரிசியை அங்கே வாங்கி, தீப்பெட்டியை மட்டும் இங்கே வாங்கத் தொடங்கிய நாளில் நடப்பது. தீப்பெட்டி லாபத்தில் எந்தக் கடைக்கு வாடகை கட்ட முடியும்?

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது நினைவிருக்கும். வீட்டுக்கு ஒருவர்தான் வெளியே போகலாம், பத்துக் கிலோமீட்டருக்குள் போகலாம் என்றார்கள். தாமான் கடைகளுக்கு முன்னால் ஒரு மீட்டர் இடைவெளி விட்டு ஜனங்கள் வரிசை நின்றார்கள். நாமும் மோட்டார் சைக்கிளில் மூட்டை கட்டி வீடு வீடாய்க் கொடுத்தோம். கட்டுப்பாடு தளர்ந்ததும் வரிசை கலைந்துவிட்டது. "ஆபத்துக்கு நாம், வசதிக்கு அவன்" என்று அப்போது பேசாத வியாபாரி இல்லை. ஆனால் கொண்டு கொடுத்த சாமானுக்குக் காசு வாங்கிக்கொண்டுதானே கொடுத்தோம்? அதிலும் கணக்குத் தீர்ந்தது.

பெருங்கடை என்றால் அந்நியன் என்று நினைப்பதற்கும் இல்லை. மைடின், 1957இல் கோத்தா பாருவில் நம்மவர் ஒருவர் தொடங்கிய சிறு கடை; இன்று மலாக்காவிலும் பெரிதாய் நிற்கிறது. 99 ஸ்பீட்மார்ட்டின் மூலமும் 1987இல் கிள்ளானில் போட்ட ஒரு சில்லறைக் கடைதான். டெஸ்கோ 2002இல் இந்நாட்டுக்கு வந்து, 2020இல் விற்றுவிட்டு, 2021 முதல் லோட்டஸ் என்று பெயர்ப்பலகை மாறிற்று. அப்போது நம் தெருவில் யாரும் "எங்க டெஸ்கோ போச்சே" என்று சொல்லக் கேட்கவில்லை. பலகை மாறியது, பையின் நிறம் மாறியது, அவ்வளவே.

சிறு கடை கைமாறினாலோ தெரு முழுதும் உஷாராகிவிடுகிறது. முதல் மாதம் அரிசி சரியில்லை என்பார்கள். அதே மில், அதே மூட்டை. தராசின் முள்ளை உற்றுப் பார்ப்பார்கள். பழையவர் கொசுறாகக் கொடுத்த இரண்டு பச்சை மிளகாயை இவர் கொடுக்கிறாரா என்று கவனிப்பார்கள். பிள்ளையைத் தனியே அனுப்பிச் சில்லறை சரியாக வருகிறதா என்று சோதிப்பார்கள். புதியவர் பொறுமையாக இருந்தால் ஆறு மாதத்தில் பழைய கடையின் பெயரிலேயே அவரையும் கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள். இத்தனை சோதனையும் எதற்கு? அந்தக் கடையில் தெருவுக்கு ஏதோ இருக்கிறது என்பதால்தானே.

அந்த ஏதோ ஒன்று என்ன என்பதற்குத்தான், முன்னே நிறுத்தி வைத்த அந்தக் கிழவர் கிழவிகளிடம் திரும்பி வருகிறோம். ஒரு தாமானில் நூறு வீடு என்று வைத்துக்கொள்வோம். எண்பது வீட்டில் கார் உண்டு. அந்த எண்பது பேரும் வாரத்துக்கு ஒருமுறை பெருங்கடைக்குப் போய், ஒரு போத்தல் எண்ணெயில் நாற்பது காசு மிச்சம் பிடிக்கிறார்கள். அது அவர்கள் காசு, அவர்கள் உரிமை. ஆனால் அந்த எண்பது பேரின் வியாபாரம் போனால் கடை நிற்காது. கடை போனால் மீதி இருபது வீட்டில் இருக்கிற விதவை, கால் நடக்காத பெரியவர், வேலைக்கு மோட்டார் சைக்கிளை எடுத்துப் போய்விட்ட புருஷனின் மனைவி, இவர்கள் ஒரு கிலோ சீனிக்காகப் போக வரப் பத்து வெள்ளி கொடுத்து வாடகைக் கார் பிடிக்க வேண்டும். எண்பது பேர் மிச்சம் பிடித்த நாற்பது காசுக்கு விலை கொடுப்பவர்கள் அந்த இருபது பேர். கடைக்காரருக்கு அந்த எண்பது பேர் எதுவும் பாக்கியில்லை. பக்கத்து வீட்டுக்குத்தான் பாக்கி இருக்கிறது. கடை அந்தப் பாக்கி நடந்துபோகிற வழி, அவ்வளவுதான்.

இப்படிப் பார்த்தால் நாம் சங்கக் கூட்டங்களில் கேட்கிற கேள்வியே இடம் மாறிப் போகிறது. "இவ்வளவு செய்தோமே, எங்களிடம் வாங்குங்கள்" என்று தெருவிடம் கேட்க நமக்கு முகமில்லை. "உங்கள் பக்கத்து வீட்டு அம்மா எங்கே போய் வாங்குவார்?" என்று கேட்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதே கேள்வி நம் பக்கமும் திரும்பும் என்பதை அறிந்துதான் கேட்க வேண்டும். கார் இல்லாதவருக்கு வேறு போக்கிடம் இல்லை என்று தெரிந்து அவரிடம் இருபது காசு கூட்டி விற்கிற கடை, அந்த அம்மாவின் பெயரைச் சொல்லித் தெருவிடம் வியாபாரம் கேட்க முடியாது. நாமும் அந்தத் தெருவில் ஒரு வீடுதானே.

ஜாசின் பக்கம் ஒரு தாமானில் நம்மவர் ஒருவர் இப்போது செய்கிற ஏற்பாடு ஒன்றைச் சொல்ல வேண்டும். வியாழக்கிழமை தோறும் மத்தியானத்துக்கு மேல், நடக்க முடியாத ஆறு வீடுகளுக்குச் சாமானைக் கடை விலைக்கே கொண்டு போகிறார். எண்ணெய்ச் செலவுக்கு என்று கார் உள்ள வாடிக்கையாளர் சிலரிடம் பேசினார். நாலு பேர் இனி அரிசியை மட்டும் அவரிடமே வாங்குவதாக ஒப்புக்கொண்டார்கள். மற்றதைப் பெருங்கடையில்தான் வாங்குவோம் என்றும் மறைக்காமல் சொன்னார்கள். அவர் சரி என்று விட்டார். நாலு வீட்டு அரிசியில் வருகிற லாபம் ஆறு வீட்டு எண்ணெய்க்குச் சரியாகப் போகிறதாம். ஐந்தாவது வீடு ஒன்று சேர்ந்தால் கொஞ்சம் மிஞ்சும் என்கிறார். அதற்கு ஒரு வீட்டுக்காரரைப் பார்த்து வைத்திருக்கிறார், இன்னும் கேட்கவில்லை.